பூச்சிகளுக்கு வெற்றிலை வைத்தவள்

வடக்கு வாய்க்கால் தெருவில் இன்றைக்கும் ஒரு பிள்ளையின் வயதைப் பற்றிப் பேச்சு வந்தால், பூச்சிகள் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு விருந்துக்கு வந்த வருஷத்துக்கு முந்தியா பிந்தியா என்றுதான் முதலில் கேட்பார்கள். கேட்கிறவருக்கும் அதில் வியப்பு கிடையாது, பதில் சொல்கிறவருக்கும் கிடையாது. வாய்க்காலில் வெள்ளம் வந்து படித்துறையில் இரண்டு படியைக் கொண்டுபோன வருஷம் மாதிரி அதுவும் ஒரு வருஷம், அவ்வளவுதான். அந்த விருந்துக்கு அழைத்தவள் தெருவின் கடைசிக்கு முந்தின வீட்டுச் சங்கரவடிவு. நாற்பத்தேழு வயது. புருஷன் அருணாசலம் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மஞ்சள்காமாலையில் போய்விட்டார். ஒரே மகள் செண்பகவல்லி தென்காசியில் வாழ்க்கைப்பட்டு, அப்போது ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள்.

புருஷன் போனதிலிருந்து வடிவு யாரையும் எதற்கும் அழைத்ததில்லை. ஒரு நல்ல காரியத்துக்கு அழைக்கப் போனால் புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாகப் போக வேண்டும், அவர் வெற்றிலைத் தட்டை நீட்ட, அவள் குங்குமச் சிமிழை நீட்டி, குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்று சொல்ல வேண்டும், அப்படிச் சொல்கிற வாய் சுமங்கலியின் வாயாக இருக்க வேண்டும் என்று அந்த ஊரில் யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் அழிக்கவாவது செய்யலாம். சொந்த மகள் கல்யாணத்துக்கே அழைப்பு வைத்தது அருணாசலத்தின் அண்ணன் நெல்லையப்பனும் அவர் மனைவி பூரணமும்தான். தாலி கட்டுகிற நேரத்தில் வடிவு கல்யாண மண்டபத்தின் சாமான் அறையில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தாள், கெட்டிமேளம் கேட்டதும் எண்ணிக்கை தவறி மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். வீட்டுக்கு வருகிற பெண்களுக்குக் குங்குமத்தைத் தட்டில் வைத்துவிட்டு இரண்டு எட்டுத் தள்ளி நின்றுகொள்வாள், அவர்களே எடுத்து வைத்துக்கொள்வார்கள். யாரும் அவளை ஒரு சொல் சொன்னது கிடையாது. சொல்வதற்கு அவசியமே வைக்காமல் அவளே முந்திக்கொண்டு ஒதுங்கிவிடுவாள், அதற்காக நல்ல பெயரும் வாங்கியிருந்தாள்.

செண்பகத்துக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டுத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும் என்ற பேச்சு வந்ததும், பூரணம் வந்து உட்கார்ந்து, நாங்களே ஜோடியாகப் போய் அழைத்து எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்து விடுகிறோம், பேறுகாலமும் அங்கேயே இருக்கட்டும், நல்ல காரியம் பார் என்றாள். பூரணம் கெட்டவள் இல்லை. தனக்குப் பிள்ளை இல்லாத குறையைச் செண்பகத்திடம் தீர்த்துக்கொண்டவள். வடிவு அவள் சொல்லி முடிக்கும் முன்பே தலையாட்டினாள். ஆட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று அழுதாள். மகள் தன் வீட்டு உள்ளறையில், தான் துவைத்த பழஞ்சேலையை விரித்து, தான் வடித்த சோற்றைத் தின்றுவிட்டு, மத்தியானத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்குவதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசையே இல்லை. அந்த ஆசை ஒன்றும் பெரிய ஆசை இல்லை என்பதுதான் அவளை அதிகம் வதைத்தது.

ஆசையை வேறெங்கே கொண்டுபோய் வைப்பது, செடியில் வைத்தாள். வீட்டுக்குப் பின்னால் எட்டுக்குப் பன்னிரண்டு தப்படி இருக்கும் அந்தத் தோட்டம். கத்தரி, வெண்டை, ஒரு பந்தல் அவரை, ஒரு கொய்யா, சுவரோரம் ஒரு முருங்கை. சனிக்கிழமை தோறும் தென்காசிக்குப் போகிற பூ வியாபாரியிடம் மகளுக்கு ஒரு பை காய் கொடுத்தனுப்புவாள். தினமும் போனில் கூப்பிட்டுச் சாப்பிட்டாயா, கால் வீங்கியிருக்கிறதா, மல்லாக்கப் படுக்காதே, ஒருக்களித்துப் படு என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். அந்த வருஷம் பார்த்துத் தோட்டத்தில் பூச்சி விழுந்தது. அவரைக் கொழுந்து முழுக்கக் கறுப்பு அசுவினிப் பேன், கொய்யா இலைக்கடியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி, கத்தரிக்காயை அரிந்தால் உள்ளே குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிற புழு. எதிர்வீட்டுத் தளவாய் அண்ணாச்சி பஜாரில் உரக்கடை வைத்திருந்தார். ஒரு மூடி மருந்து அடித்தால் மூன்று நாளில் எல்லாம் சுத்தம் தங்கச்சி என்று புட்டியையே கொண்டுவந்து நீட்டினார். பிள்ளைத்தாய்ச்சி தின்கிற காயில் விஷத்தை அடிப்பதா என்று வடிவு அதைத் தொடக்கூட இல்லை.

மறுநாள் காலை ரேடியோவில் வேளாண்மைச் செய்தி சொன்ன பெண், செடியைத் தின்னும் பூச்சிகளைப் பிடித்துத் தின்ன வேறு பூச்சிகள் இருக்கின்றன, பொறிவண்டும் கும்பிடுபூச்சியும் தட்டானும் சிலந்தியும் குளவியும் நமக்கு வேண்டியவர்கள், அவர்களை வீட்டுத் தோட்டத்துக்கு வரச் செய்துவிட்டால் மருந்தே வேண்டாம் என்றாள். எப்படி வரச் செய்வது என்று சொல்வதற்குள் கரண்ட் போய்விட்டது. வடிவு அரிசி களைந்துகொண்டே யோசித்தாள். ஒருவர் வர வேண்டுமென்றால் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் மானமுள்ள யார் வருவார்கள்? கூப்பிடுவது என்றால் தெருவில் நின்று கைதட்டிக் கூப்பிடுவதில்லை, வெற்றிலையோடு இருப்பிடம் தேடிப்போய்க் கூப்பிடுவது. அலமாரியைத் திறந்து, ஒன்பது வருஷமாகக் கையில் எடுக்காத வெள்ளிச் சிமிழை எடுத்துப் புளி போட்டுத் துலக்கினாள். பூச்சிக்கு ஏது இந்தப் பாகுபாடெல்லாம், நம் கை பட்டு அதுகளுக்கு என்ன கெட்டுப்போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், சொல்லும்போது கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு, நல்ல வெயிலில், தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமச் சிமிழ், இரண்டு கதலிப்பழம் வைத்து, குளித்த ஈரக் கூந்தலை நுனியில் முடிந்துகொண்டு வாய்க்கால் கரைக்குப் போனாள். முதலில் எருக்கஞ்செடி, அதில்தான் பொறிவண்டுகள் கூட்டமாகக் குடியிருந்தன. செடியின் காலடியில் ஒரு பொட்டுக் குங்குமம் வைத்து, எங்கள் வீட்டில் இந்த மாதிரி விசேஷம், வருகிற வெள்ளிக்கிழமை, சின்னவர் பெரியவர் எல்லாரோடும் முன்கூட்டியே வந்திருந்து நடத்திக்கொடுக்க வேண்டும் என்றாள். பிறகு படித்துறையில் தண்ணீருக்கு மேல் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்த தட்டான்களிடம் சொன்னாள், பாலத்துச் சுவரின் சிலந்திகளிடம் வலைக்கு வலை தனித்தனியாகச் சொன்னாள், கரிசல் மண் ஈரமாகக் கிடந்த மடையோரம் மண் உருட்டிக்கொண்டிருந்த குளவிகளிடம் வேலையைக் கெடுக்காமல் காத்திருந்து சொன்னாள். வீட்டுக்குத் திரும்பும்போது உச்சிவெயில். அவள் கன்னமெல்லாம் நனைந்திருந்தது, ஏன் அழுகிறோம் என்று அவளுக்கே பிடிபடவில்லை. ஒன்பது வருஷம் தொண்டையிலேயே கிடந்த ஒரு வாக்கியத்தை ஒரே காலையில் நூறு தடவை சொன்னால் அப்படித்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து அவர்கள் வந்தார்கள். கொல்லைச் சுவர் வழியாகப் பறந்து வந்திருக்கலாம், அது பக்கம்தான், ஆனால் அழைத்த வீட்டுக்குக் கொல்லை வழியாக யாராவது வருவார்களா. தெருவழியாக வந்து, வாசல் கோலத்தை மிதிக்காமல் ஓரமாக ஒதுங்கி, நிலைப்படி ஏறி, கூடத்தைக் கடந்து தோட்டத்துக்குப் போனார்கள். முன்னால் பொறிவண்டுகள், சிவப்பும் மஞ்சளுமாகக் குடும்பம் குடும்பமாக. பின்னால் தட்டான்கள் ஆள் உயரத்தில். அதற்குப் பின்னால் சிலந்திகள், வயதானவர்கள் நடப்பது மாதிரி அங்கங்கே நின்று நின்று. கடைசியாகக் கரிய இடுப்பு ஒடுங்கிய குளவிகள், யாரோடும் பேசாமல், வேலைக்காரர்களுக்கே உரிய அவசரத்தோடு. தெருப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து இரண்டு பக்கமும் நின்று வழிவிட்டார்கள். இது எப்படி நடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிரம்மசக்தி கேட்டதெல்லாம், வந்தவர்களுக்குக் கைகால் நனைக்கத் தண்ணீர் வைத்தாயா மதினி என்பதுதான். வடிவு பதறிப்போய் ஆறேழு சிரட்டைகளில் தண்ணீர் ஊற்றி, முங்கிவிடாமல் ஏறி நிற்கக் கூழாங்கல்லும் போட்டு வைத்தாள்.

கும்பிடுபூச்சி மட்டும் உள்ளே வரவில்லை. வாசல் கேட்டின் மேல் கம்பியில், தெருவைப் பார்த்து, வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது. வெள்ளி போய், சனி போய், ஞாயிறும் போயிற்று. பால்காரர் கேட்டைத் திறக்கும்போது கம்பியோடு திறந்துகொள்ளும், சாத்தும்போது கம்பியோடு சாத்திக்கொள்ளும், இறங்காது. உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது என்றார்கள், வயதாகிவிட்டது என்றார்கள், விரதமோ என்றும் ஒருத்தி கேட்டாள். தளவாய் அண்ணாச்சிதான் இரண்டு கல்யாணத்தில் தாய்மாமனாக நின்று இரண்டிலும் கோபித்துக்கொண்டு போன அனுபவத்தில், கிட்டே போய்ப் பார்த்து விஷயத்தைப் பிடித்தார்.

"இவுகளை யாரு தங்கச்சி போயி அழைச்சா?"

வடிவுக்குச் சுருக்கென்றது. அன்றைக்குக் கும்பிடுபூச்சி கண்ணில் படவில்லை, வெயிலும் ஏறிவிட்டது, திரும்பும் வழியில் எருக்கஞ்செடியில் கடைசியாக இருந்த ஒரு பொறிவண்டிடம், அவர்களிடமும் நான் சொன்னதாகச் சொல்லிவிடு என்று சொல்லியனுப்பியிருந்தாள். சொந்தக்காரர்களுக்குள் இதைவிடப் பெரிய குற்றம் உண்டா? அந்தத் தெருவில் ஆளனுப்பிச் சொன்னார்கள் என்பதற்காகவே பதினான்கு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த குடும்பங்கள் உண்டு. உடனே தட்டை எடுத்துவந்து கேட்டடியில் நின்று, புத்தி கெட்டுப்போய்ச் செய்துவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாமல் வர வேண்டும் என்று குங்குமத்தைக் கம்பியில் வைத்தாள். கும்பிடுபூச்சி முக்கோணத் தலையை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தது, சபையில் எல்லோரும் பார்க்கிறார்களா என்று தெருவையும் ஒரு தடவை பார்த்தது, பிறகு இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு இறங்கி உள்ளே போனது. தெருவே பெருமூச்சு விட்டது.

அப்புறம் விருந்து. விருந்தென்றால் அப்படி ஒரு விருந்து. பொறிவண்டுகள் அவரைக் கொழுந்தில் பந்தி பந்தியாக உட்கார்ந்து அசுவினியை வழித்துத் தின்றன, தட்டான்கள் ஈயையும் கொசுவையும் பறந்தபடியே தின்றன, சிலந்திகள் வெண்டைக்கும் கத்தரிக்கும் நடுவில் வலை கட்டி உட்கார்ந்த இடத்துக்கே சாப்பாட்டை வரவழைத்துக்கொண்டன, குளவிகள் பச்சைப் புழுவைக் கொட்டி மயக்கித் தூக்கிக்கொண்டு பறந்தன. இருபது நாளில் கொய்யா இலை வெற்றிலை மாதிரி மின்னியது, கத்தரிக்காய் சொத்தையில்லாமல் விழுந்தது, தென்காசிக்குப் போகிற பை கனத்துப் பூ வியாபாரி முனகினார். இருபத்தோராம் நாள் தோட்டத்தில் தின்ன எதுவும் மிச்சமில்லை. அழைத்த வீட்டில் விருந்தாளி பட்டினி. கும்பிடுபூச்சி பசி பொறுக்காமல் ஒரு பொறிவண்டைப் பிடித்து விழுங்கிவிட, கல்யாண வீடென்றால் ஒரு சண்டையாவது வராமல் இருக்குமா என்று பிரம்மசக்தி சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று.

வடிவின் தலை குனிவதைத் தெரு பொறுத்துக்கொள்ளவில்லை. பெண்கள் தங்கள் தங்கள் கொல்லையில் பேன் விழுந்த அவரைக் கொடியையும், மாவு படிந்த செம்பருத்திக் கிளையையும், புழு வைத்த காலிஃபிளவரையும் ஒடித்துத் தாம்பாளத்தில் வைத்து, மேலே துண்டு போட்டு மூடி, சீர் கொண்டுபோவது போல வரிசையாக நடந்து வந்தார்கள். யார் வீட்டுச் சீரில் பூச்சி அதிகம் என்று போட்டிகூட வந்தது. எங்கள் வீட்டுக் கத்தரியில் ஒன்றுகூட இல்லையே என்று ஒருத்தி வெட்கப்பட்டு, பக்கத்துத் தெருவில் இரவல் வாங்கிவந்தாள். தெருவில் யாரும் மருந்தடிக்கக் கூடாது, விருந்தாளிகள் உள்ள ஊர் என்று முடிவாயிற்று. அதை முதலில் சொன்னவர், கடையில் மருந்துப் புட்டியெல்லாம் தூசி படியப் போகிறது என்று தெரிந்தும், தளவாய் அண்ணாச்சிதான். வந்தவர்கள் தங்க வேண்டுமென்றால் ஒரு செடியைத் தின்ன விட்டுவிட வேண்டும் தங்கச்சி, எல்லாமே சுத்தமாக இருக்கிற இடத்தில் யாருக்கும் சோறு இருக்காது என்று அவர் சொன்னதைக் கேட்டு, வடிவு பந்தலின் தெற்கு மூலையில் ஒரு அவரைக் கொடியை மனதாரப் பேனுக்கு எழுதிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு வெளித்தெருக்காரர்கள் வந்தார்கள். மேலத்தெருவில் தென்னைக்கு வண்டு, சந்நிதித் தெருவில் மல்லிகைக்குப் புழு. வடிவு கையால் கூப்பிட்டால் வருகிறார்களாமே, எங்கள் வீட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லு என்று, தட்டில் வைத்த குங்குமத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டு போன அதே பெண்கள், இப்போது ராசியான கை என்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். அவள் போனாள், கூப்பிட்டாள், எல்லா இடத்துக்கும் வந்தார்கள். அதே வாரம் சந்நிதித் தெருவில் ஒரு பூச்சூட்டு. வெற்றிலைத் தட்டு ஒவ்வொருத்தியிடமாக வந்து, வடிவு முன்னால் வரும்போது கொஞ்சம் உயர்ந்து, அவள் தலைக்கு மேலாக அடுத்தவளிடம் போயிற்று. கொடுத்தவள் வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகப் பழகிய வழி அது. வடிவும் தானாகவே தலையைக் குனிந்து தட்டுக்கு வழிவிட்டாள்.

ஆறாம் மாதம் முடிகிற சமயத்தில் ஒரு குளவி உள்ளறைச் சுவரில் கூடு கட்ட ஆரம்பித்தது. அந்த அறையை வடிவு யாருக்கும் சொல்லாமல் வெள்ளையடித்து வைத்திருந்தாள். கட்டிலுக்குப் புதுக் கயிறு பின்னியிருந்தாள். எதற்கு என்று பிரம்மசக்தி கேட்டதற்கு, சும்மா என்றாள். குளவி கூடு கட்டின வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பது ஊரறிந்தது. ஈர மண் உருண்டையைக் காலில் இடுக்கிக்கொண்டு ஜன்னல் வழியாக வரும், சுவரில் அப்பி ரீங்கரித்துக்கொண்டே தட்டித் தட்டி வளைக்கும், திரும்பப் போகும். வடிவு வேலையெல்லாம் முடித்துவிட்டுச் சுவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து மத்தியானம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். தெரு அதன்பின் இரண்டு பேச்சுப் பேசவில்லை. செண்பகத்தின் பிள்ளை இந்த அறையில்தான் பிறக்கும் என்று சாம்பிராணிக்குச் சொல்லிவைத்தார்கள்.

செய்தி கேட்டுப் பூரணம் வந்தாள். கூட்டை ஏற இறங்கப் பார்த்தாள். தன் வீட்டில் ஒரு சுவரைத் துடைத்து, கிண்ணத்தில் மண் குழைத்து வைத்து, பத்து நாளாக ஜன்னலைத் திறந்துபோட்டுக் காத்திருந்தும் ஒரு குளவி எட்டிப் பார்க்கவில்லை என்று சொல்லும்போது அவள் உதடு கோணிக்கொண்டது. வடிவுக்குப் பாவமாக இருந்தது.

"நீ கூப்பிட்டா வருதுல்லா வடிவு," என்றாள் பூரணம். "எங்க வீட்டுச் சுவத்துல வந்து கட்டச் சொல்லேன். பிள்ளை அங்கனதான பிறக்கப் போவுது."

வடிவு வழக்கம்போலத் தலையாட்டினாள். தட்டை எடுத்துவந்து, சுவருக்கு முன்னால் நின்று, பெரிய வீட்டில் விசேஷம், அங்கே போய் இருந்து நடத்திக்கொடுக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். குளவி மண் தட்டுவதை நிறுத்தியது. முழுவதையும் கேட்டது. பிறகு ஜன்னல் வழியாக வெளியே போயிற்று, பூரணம் முகம் மலர்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள், வடிவு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் மணி நேரம் கழித்துக் குளவி பெரிய மண் உருண்டையோடு வந்து அதே கூட்டில், அதே இடத்தில் அப்பியது. அன்றைக்கு மட்டும் ஏழு தடவை வடிவு சொல்லிப் பார்த்தாள், ஏழு தடவையும் குளவி மரியாதையாகக் கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தது. உன் வாய்தான் கூப்பிடுகிறது, மனது போகாதே போகாதே என்கிறது, அதற்குத் தெரியாமல் இருக்குமா என்று சொல்லிவிட்டுப் பூரணம் எழுந்து போனாள். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னாள். ஆனாலும் ஏற்பாடு ஏற்பாடுதான். குளவிக்காக மனிதர்கள் பேசி வைத்ததை மாற்ற முடியுமா என்று நெல்லையப்பன் வேனுக்குச் சொல்லிவிட்டார்.

தென்காசியில் வளைகாப்பு நன்றாகவே நடந்தது. பச்சைப் பட்டில் செண்பகம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், முகம் பூசினாற்போல் உப்பி, மூக்கில் வேர்வை துளிர்த்து, வடிவு மனதில் பார்த்துவைத்திருந்ததைவிட இரண்டு பங்கு அழகாக. பூரணம் முதல் வளையல் போட்டாள், சம்பந்தி அம்மாள் போட்டாள், அப்புறம் வரிசையாக எல்லாரும் சந்தனம் பூசி வளையல் அடுக்கினார்கள். வடிவு முதல் பந்தி முடிந்ததும் எச்சில் இலை எடுக்கப் போய்விட்டாள். அவளை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. இலைகளை மடித்து மடித்துக் கூடையில் போடும்போது கூடத்திலிருந்து வளையல் சத்தம் கேட்டது, அந்தச் சத்தத்தை மட்டுமாவது வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

புறப்படுகிற நேரம் வந்தது. பூரணம் செண்பகத்தின் முன்னால் வெற்றிலைத் தட்டோடு நின்று, எழுந்திரு, நல்ல நேரம் முடிவதற்குள் வாசல்படி தாண்ட வேண்டும் என்றாள். செண்பகம் அசையவில்லை, வளையலை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். நெல்லையப்பன் வந்து, வண்டி நிற்குது தாயி என்றார். அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள், எழுந்திருக்கவில்லை. மாமியாரே வந்து, போயிட்டு நல்லபடியா வா என்று வழியனுப்பினாள், அதற்கும் இல்லை. மயக்கமோ என்று விசிறினார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எங்கம்மைய வரச் சொல்லுங்க," என்றாள்.

வடிவு ஓடிவந்தாள், கையைக்கூடக் கழுவவில்லை. என்னளா, என்ன செய்யுது, வலிக்குதா என்று கேட்டுக்கொண்டே வந்தவள், பழக்கதோஷத்தில் இரண்டு எட்டுக்கு அப்பாலேயே நின்றுவிட்டாள்.

"ஊர்ல உள்ள பூச்சியெல்லாம் கூப்பிட்டியாம்லா," என்றாள் செண்பகம். "கும்பிடுபூச்சிக்கு ரெண்டாந்தடவை தட்டு எடுத்துட்டுப் போனியாம். தினமும் போன்ல பேசுத. சாப்பிட்டியாங்குத, தூங்குனியாங்குத. இன்னைக்குச் சொல்லுவ, நாளைக்குச் சொல்லுவன்னு ரெண்டு மாசமா காத வச்சுக்கிட்டு இருக்கேன். என்னைய வான்னு ஒரு வார்த்தை சொன்னியாம்மா நீ?"

"பெரியம்மைதான் கூப்பிட்டாவள்லா."

"பெரியம்மை கூப்பிட்டா பெரியம்மை வீட்டுக்குத்தான போவணும்."

வடிவு தன் கையைப் பார்த்துக்கொண்டே, நீ பிள்ளை சுமக்கிறவள், என் வாயால் வேண்டாம் என்று நினைத்தேன் என்று முணுமுணுத்தாள்.

"நீ கூப்பிட்டதுல எது கெட்டுப்போச்சு?"

வடிவின் கண் தானாகப் பூரணத்தின் பக்கம் போயிற்று. ஒன்பது வருஷமாக எதற்கும் உத்தரவு கேட்டுப் பழகிய கண்.

"என்னைய ஏன் பாக்க வடிவு?" என்றாள் பூரணம். கண் நிறைந்திருந்தது. "நான் எப்ப உன்னைய வேண்டாம்னேன்?"

சொல்லவில்லைதான். யாரும் சொல்லவில்லை. வேண்டாம் என்று ஒருவரும் சொன்னதில்லை, வேண்டும் என்றும் ஒருவரும் சொன்னதில்லை, நடுவில் இருந்த இடத்தில் அவளே ஒரு சுவரைக் கட்டி அவளே அதற்கு இந்தப் பக்கம் நின்றிருக்கிறாள். ஒன்பது வருஷம் போனது போனதுதான், மகள் கல்யாணம் போனது போனதுதான். பூரணம் தட்டை நாற்காலிக்குப் பக்கத்தில் கீழே வைத்துவிட்டு ஓரமாக நகர்ந்தாள். வடிவு அந்த இரண்டு எட்டையும் நடந்தாள்.

"ஏளா, வா," என்றாள். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னாள், இந்தத் தடவை வாசலில் வேன் ஓட்டுகிறவருக்கும் கேட்டது.

"எந்திரிச்சு வா. நம்ம வீட்டுக்குப் போவோம்."

செண்பகம் இரண்டு கையையும் நீட்டினாள். வளையல் கனமும் வயிற்றுக் கனமுமாக அவளால் தனியாக எழுந்திருக்க முடியவில்லை. வடிவு எச்சில் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, குனிந்து, அக்குளில் கைகொடுத்து மகளைத் தூக்கினாள்.